சிவம் மகாலின் பின்வாசல்

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. காலை ஏழரை மணிக்கு வேன்கள் கரிசல்பேட்டை முக்கில் வந்து நின்று ஆள்களை ஏற்றிக்கொண்டிருந்தன. வெடி ஆலையை அந்தப் பக்கத்தில் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். சீசன் நேரம். தூக்குச்சட்டியை மடியில் வைத்து நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்த பெண்கள், குழாயடியில் குடம் வைத்திருந்த பொன்மணியைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.

"என்ன தலைவி, இன்னைக்காவது எங்க கூட வேலைக்கு வாரீகளா?"

"வந்தா தலைவி வேலைய நீங்க பாப்பீகளா? போங்கடி, டிரைவர் முறைக்கான்."

பொன்மணி பத்தொன்பது வருடம் அந்த வேனில் போனவள். பேரூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்து, தலைவராகவும் ஆகிவிட்டாள். ஆனாலும் அந்த நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார அவளுக்கு இன்னும் வரவில்லை. பயராபீசில் சாய்ந்து உட்கார ஏது சுவர்? வாசலைப் பார்த்து உட்கார வேண்டும், காலை மடக்கி, எழுந்து ஓடத் தோதாக. அப்படி உட்காருவது உடம்போடு ஒட்டிவிட்டது.

குடம் நிறைந்தபோது செயல் அலுவலர் செய்யது அபுதாஹிர் பைக்கை ஓரமாக நிறுத்தினார். சாத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. வேலைக்கு வந்த இடமெல்லாம் விதியைப் பேசி, இரண்டு வருடத்தில் மூன்று ஊர் மாற்றப்பட்டவர்.

"ஆபீசுக்கே வந்திருப்பனே சார்?"

"அங்க நாலு பேர் இருப்பாங்கம்மா. நேத்து சாயங்காலம் சிவம் மகாலுக்குப் போனேன். உரிமம் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்கல்ல, அதுக்காக."

சிவம் மகால் அந்த ஊரின் ஒரே பெரிய கல்யாண மண்டபம். மாடியில் மணமேடை, அதன் கீழே பந்தி. பந்திக்கும் கீழே, பாதி தரைக்குள் இறங்கிய அடித்தளம். வண்டி நிறுத்த என்று வரைபடத்தில் காட்டிய அந்த அடித்தளத்தைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு கதவு மட்டும் விட்டு, உள்ளே பட்டாசுப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பின்பக்கப் படிக்கட்டு இறங்கும் இடத்தில் இரும்புக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குவித்திருந்தார்கள். சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவைகள் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அபுதாஹிர் எல்லாவற்றையும் எழுதி, நோட்டீசும் தயார் செய்து கொண்டுவந்திருந்தார்.

"உரிமம் குடுத்தது நம்ம ஆபீசு. ஆபத்துன்னு தெரிஞ்சா பூட்டுறதுக்கும் நமக்குத்தான் அதிகாரம். நீங்க பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டா இன்னைக்கே குடுத்துருவேன்."

எந்தக் கோப்பும் தலைவர் பார்வைக்குப் போய்த்தான் வெளியே வரும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். பொன்மணி ஈரக் கையைச் சேலையில் துடைத்து, கோப்பை வாங்கிக்கொண்டாள்.

"வச்சிட்டுப் போங்க சார். படிச்சுப் பாக்கேன்."

படித்தாள். நோட்டீசில் இருந்த எழுத்தைவிட, அதில் இல்லாத ஒன்றுதான் அவள் கண்ணில் நின்றது. ஆவணி பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. அவள் மகள் வேல்விழிக்கு அதே சிவம் மகாலில் கல்யாணம். பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று.

அன்று மத்தியானமே மண்டபத்துக்காரர் நல்லசிவம் வீட்டுக்கு வந்துவிட்டார். செய்தி எப்படிப் போனதோ. அவர் பணம் எதுவும் நீட்டவில்லை. மிரட்டவும் இல்லை. மோர் வாங்கிக் குடித்தார்.

"தாயி, அந்தப் பய புள்ள அடியில இருக்கத வெடின்னு எழுதியிருக்கானாம். அது என்ன வெடியா? முடிஞ்ச சரக்கு. லேபிள் ஒட்டி, டப்பால அடைச்சி, பெட்டி கட்டியாச்சு. லாரி வரத் தாமசம், குடோன்ல எடமில்ல, அதான் அங்கன வச்சிருக்கு. மருந்துதான் சீறும். டப்பாக்குள்ள போயிட்டா அது மிட்டாய். பத்தொம்பது வருசம் உக்காந்தவளுக்கு நான் சொல்லணுமா?"

"பின்கேட்ட ஏன் அண்ணாச்சி பூட்டிப் போட்டிருக்கீக?"

"பத்திரிகை இல்லாதவன் எல்லாம் அந்த வழியாத்தான் பந்திக்கு வாரான். ஒரு கல்யாணத்துல நாப்பது நாற்காலியத் தூக்கிட்டுப் போயிட்டானுக. பூட்டாம?" பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "பூட்டணும்னா பூட்டிரு தாயி. ஒன் அதிகாரம். ஆனா ஆவணி பதினெட்டுக்கு வேற எந்த மண்டபம் கெடைக்கும்? சிவகாசி, சாத்தூரு, ஒண்ணும் காலியில்ல. விசாரிச்சுப் பாரு."

அவள் விசாரித்தாள். காலியில்லை.

அவள் கணவன் முனியராஜ் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயராபீசில் போர்மேன். அவனும் அதையே சொன்னான். "முடிஞ்ச சரக்குதான. நம்ம கட்டிலுக்கடியில கூட வருசா வருசம் ரெண்டு பெட்டி கெடக்கும். என்னைக்காச்சும் வெடிச்சிருக்கா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இது அந்த மண்ணில் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெளியூர்க்காரனுக்குப் பட்டாசு என்றாலே பயம். இவர்களுக்குப் பயம் எல்லாம் வெடிமருந்து கலக்கிற அறையோடு சரி. அங்கே செருப்பில்லாமல் நடப்பார்கள், இரும்புச் சாமானை உள்ளே விடமாட்டார்கள், மூச்சைக்கூட மெதுவாக விடுவார்கள். லேபிள் ஒட்டியதும் அந்தப் பயமும் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிமேல் உட்கார்ந்து சோறு தின்பார்கள். பொன்மணியும் அப்படித் தின்றவள்தான்.

மறுநாள் அபுதாஹிரிடம் சொன்னாள். "ஆவணி இருபதுக்கு மேல குடுப்போம் சார்."

"அதுக்குள்ள அங்க மூணு கல்யாணம் இருக்கும்மா. ஒங்க வீட்டுக் கல்யாணத்தையும் சேத்து."

"நாங்க வெடியிலயே பொறந்து வெடியிலயே வளந்தவுக. நீங்க துணி கிழிச்ச வீட்டுப் பிள்ள. எது வெடிக்கும், எது வெடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும் சார்."

அபுதாஹிருக்கும் நாலாவது ஊருக்கு மாற்றலாகிப் போகத் தெம்பில்லை. வீட்டில் மனைவி சம்சாத் பிள்ளைகளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். "சரிம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். தப்பு இப்படித்தான் நடக்கிறது. கெட்டவன் ஒருத்தன் வேண்டியதில்லை. நாலு பேர் சரி என்று சொன்னால் போதும்.

நோட்டீஸ் அவள் பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடந்தது.

ஆவணி பிறந்தது. சிவம் மகாலில் முதல் கல்யாணம் நடந்த அன்று பொன்மணிக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஜன்னல் வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டதற்கு எழுந்து வாசல்வரை ஓடிவிட்டாள். சாயங்காலம் எல்லாரும் நல்லபடி வீடு திரும்பினார்கள். இரண்டாவது கல்யாணத்துக்கு அவளே போய் வாழ்த்திவிட்டு வந்தாள். சாப்பிடவில்லை. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை காலுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முடிஞ்ச சரக்கு, முடிஞ்ச சரக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லத் தைரியம் குறைந்துகொண்டே வந்தது.

பதினெட்டாம் தேதி விடிந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். மாடி நிறைந்து படிக்கட்டு வரைக்கும் கூட்டம். அறுநூறு பேர் இருக்கும். எட்டரைக்குக் கரண்டு போனது. மண்டபத்துப் பக்கச் சந்தில் இருந்த ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அதன் சத்தமும் நாயனமும் சேர்ந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

பயராபீஸ் போர்மேன் வீட்டுக் கல்யாணம் என்றால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவன்கீழ் வேலை செய்கிற ஒவ்வொரு அறையும் தன் பங்குக்கு ஒரு சரம் பின்னும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து, மண்டப வாசலிலிருந்து ரோட்டோரமாக நீட்டிப் போட்டிருப்பார்கள். கெட்டிமேளம் கேட்டதும் பற்றவைக்க வேண்டும். தாலி ஏறுகிற நேரமும் வெடி முழங்குகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிந்தினால் போர்மேனுக்கு மரியாதை இல்லை. முனியராஜுக்குப் பதினாறு அறை. பதினாறு அறையும் பின்னியிருந்தது.

சரத்தை ரோட்டில் விரித்தபோது போலீஸ்காரர் ஒருவர் வந்து, "டவுன் பஸ் போற ரோட்டுல என்னய்யா இது, எடுங்க" என்று சத்தம் போட்டார். எடுத்தார்கள். எடுத்ததைச் சந்துக்குள் சுவரோரமாகப் போட்டார்கள். யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, தினமும் கையில் பிடிக்கிற பொருள்.

மேடையில் ஐயர், "பெண்ணோட அப்பா எங்கே? கூப்பிடுங்கோ" என்றார். முனியராஜைக் காணோம். பொன்மணி பின்பக்கப் படிக்கட்டில் பாதி இறங்கி, அங்கிருந்த ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தாள்.

சிவப்புச் சரம் சுவரை ஒட்டி நீளமாகக் கிடந்தது. சுவரில், கணுக்கால் உயரத்தில், அடித்தளத்துக்குக் காற்றுப் போகிற ஜன்னல்கள். ஒன்றில் கண்ணாடி இல்லை. அந்த ஓட்டையில் ஒரு அட்டைப் பெட்டியின் முனை வெளியே தெரிந்தது. பெட்டி கிழிந்திருந்தது. கிழிசலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோடு சுவர் வழியாகத் தரைக்கு இறங்கி, சரத்துக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே அது என்னவென்று பொன்மணிக்குத் தெரியும். அது மிட்டாய் இல்லை. மருந்து. சரத்தின் நுனியில் முத்துப்பாண்டி குத்தவைத்திருந்தான். முனியராஜின் அறைகளில் மூத்த ஆள். கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. காதை மாடிப் பக்கம் கொடுத்திருந்தான்.

"ஏலே முத்துப்பாண்டி! வைக்காதலே!"

ஜெனரேட்டர் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. படியில் உருண்டு விழாத குறையாகக் கீழே ஓடினாள். நாற்காலிக் குவியல். அதைச் சரித்துத் தள்ளி, இரும்புக் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு ஆடியது. திறக்கவில்லை. கம்பி வழியாக அவளுக்கு முத்துப்பாண்டியின் முதுகு தெரிந்தது. பத்தடி தூரம். கத்தினாள். கையைத் தட்டினாள். அவன் திரும்பவில்லை.

அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பூட்டைத் திறக்கவைக்கிற சாவி இருபது நாளாகத் தன் பீரோவில் கிடக்கிறது என்பது மட்டும் அப்போது தெரிந்தது.

மேலே மைக்கில் ஐயர் குரல் உயர்ந்தது. முனியராஜ் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டான் போல. இனி கெட்டிமேளம்தான். கீழே ஆளை நிறுத்த முடியாது. மேளத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

பொன்மணி திரும்பி மேலே ஓடினாள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். ஐயர் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம், கெட்டி..."

தவில்காரர் கம்பை ஓங்கினார். பொன்மணி அந்தத் தவிலின் மேல் குப்புற விழுந்தாள். கம்பு அவள் தோளில் இறங்கியது.

அட்சதை எறியத் தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. பெற்ற தாய் கெட்டிமேளத்தைத் தடுத்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"ஏ கிறுக்கி!" முனியராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "என்ன காரியம் பண்ணுத?"

"மேளத்த அடிக்காதீக! முத்துப்பாண்டிகிட்ட ஓடுங்க. ஊதுபத்தியப் பிடுங்குங்க. சந்துல மருந்து கொட்டிக் கெடக்கு. அடியில பூரா சரக்கு."

முனியராஜ் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தான். அது மனைவி முகமாக இல்லை. பயராபீசில் பக்கத்து அறையில் புகை கிளம்பும்போது பார்க்கிற முகம். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான்.

மாப்பிள்ளையின் அப்பா மொக்கைச்சாமி எழுந்துவிட்டார். "என்ன மதினி இது? எங்களக் கூப்பிட்டு வச்சு அசிங்கப்படுத்துதீகளா? மண்டபத்துல வெடி இருக்குன்னு இப்பத்தான் தெரியுமாக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளைத் தெய்வமாக்கியிருப்பார்கள்.

"இல்ல அண்ணே. இருபது நாளாத் தெரியும். பூட்டச் சொல்லி நோட்டீசு எழுதி, ஆபீசர் எங்கையில குடுத்தாரு. எம்மக கல்யாணம் முடியட்டும்னு பீரோவுல வச்சிட்டேன். எல்லாரும் எறங்குங்க. ஓடாதீக. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு முன்வாசல் வழியா நடந்து எறங்குங்க."

மணமேடையிலிருந்து வேல்விழி எழுந்து வந்தாள். கழுத்து மாலையைக் கையால் தாங்கியிருந்தாள்.

"தெரிஞ்சுதான் என்னய இங்க கொண்டாந்து ஒக்கார வச்சியாம்மா?"

பொன்மணி மகளின் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். கீழே சந்தில் முனியராஜ் முத்துப்பாண்டியின் கையிலிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் அமுக்கியிருந்தான்.

பின்வாசல் பூட்டிக் கிடந்ததால் இறங்க முன்பக்கத்து ஒரே படிக்கட்டு. அறுநூறு பேர் இறங்கி முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. அவசரமில்லாமல், புகையில்லாமல், ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கியதற்கே அவ்வளவு நேரம். கல்யாணத்துக்கு வந்திருந்த அபுதாஹிர் கடைசியாக இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தாலி காளியம்மன் கோயில் வாசலில் ஏறியது. மேளமில்லை. மொக்கைச்சாமி கை நனைக்காமலே வேனில் ஏறிவிட்டார். வேல்விழி புருசனோடு அவன் ஊரான ஆனைக்குட்டம் போகிறபோது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக்கி வைத்த சோறு ஆறிக் கிடந்தது.

மத்தியானம் தீயணைப்பு வண்டி வந்து அடித்தளத்துப் பூட்டை உடைத்தது. நானூறு பெட்டிக்கு மேல் இருந்தது. பாதியை எலி கடித்திருந்தது. தரையெல்லாம் மருந்து. ஒரு தீயணைப்பு வீரர் மூலையில் குனிந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பீடித் துண்டுகள். ஏழு இருந்தன. பெட்டி இறக்க வந்தவர்களோ, பந்தியில் வேலை செய்தவர்களோ, யாரோ நிழலுக்கு ஒதுங்கி அங்கே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஏழு தடவையும் மேலே யார் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ. முனியராஜும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான். அன்று இரவு கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு பெட்டியையும் அவனே எடுத்து வெளியே கொண்டுபோனான்.

நல்லசிவம் அசரவில்லை. "நாளைக்கே தெறந்து காட்டுதேன்" என்று சொல்லிக் காரில் ஏறி உட்கார்ந்தார். அவர் கண் முன்னாலேயே அபுதாஹிர் சீல் வைத்தார். பக்கத்தில் பொன்மணி நின்றாள். தோளில் கம்பு பட்ட இடம் வீங்கியிருந்தது.

அடுத்த வாரம் பேரூராட்சிக் கூட்டம். பொன்மணி எழுந்து, தான் நோட்டீசைப் பதுக்கியதையும் அதனால் மூன்று கல்யாணக் கூட்டம் அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்ததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னாள். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும் என்றாள். எழுத்தர் தயங்கினார். "எழுதுங்க" என்றாள். பிறகு ஊரில் உரிமம் வாங்கிய மற்ற கட்டடங்களின் பட்டியலை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சோதித்து ஆபத்தானதைப் பூட்ட வேண்டும் என்றாள். இரண்டு லாட்ஜ், ஒரு தியேட்டர், நாலு வெடிக்கடை, இன்னும் சில.

ஏழாவது வார்டு உறுப்பினர் சீனிச்சாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். லாட்ஜில் ஒன்று அவர் மச்சானுடையது.

"தலைவியம்மா, பெத்த மக கல்யாணத்தக் கெடுத்தீக. சம்பந்தியப் பகைச்சீக. ஊருக்கு இருந்த ஒரு மண்டபத்தையும் பூட்டுனீக. இப்ப மிச்சத்தையும் பூட்டணுங்கீக. கடைசியில என்ன ஆச்சு? ஒரு ஓலவெடி கூட வெடிக்கலையே! ஒண்ணுமே நடக்கலையே!"

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பொன்மணி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெடிச்சிருந்தா நீங்க சிரிச்சிருக்க மாட்டீக அண்ணே. எந்திரிச்சி ரெண்டு நிமிசம் தலயக் குனிஞ்சிட்டு நின்னிருப்பீக. மாலை வாங்கியிருப்பீக. அந்த மண்டபத்த மறுநாளே பூட்டியிருப்பீக. செத்த பெறகு பூட்டுறதுக்கு எல்லாருக்கும் தைரியம் வந்துருது. அதுக்கு அதிகாரம் வேண்டாம், ஒரு பூட்டு இருந்தாப் போதும். உயிரோட இருக்கையில பூட்டுறதுக்குத்தான் சனங்க நமக்கு அதிகாரம் குடுத்திருக்கு. அத நான் எம் வீட்டுக்காக ஒளிச்சு வச்சேன். அது லஞ்சம் வாங்குனதவிடக் கேவலம். அந்தத் தப்ப இனி இந்த ஆபீசுல யாரும் செய்யக்கூடாது. நம்ம வேல சரியா நடந்தா ஊருல ஒண்ணும் நடக்காது அண்ணே. 'ஒண்ணுமே நடக்கலையே'ன்னு ஊரு நம்மளப் பாத்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பத் தாங்க முடியாதவுக இந்த நாற்காலியில ஒக்காரக் கூடாது."

சீனிச்சாமி வெற்றிலையைத் துப்ப வெளியே எழுந்து போனார். திரும்பி வந்தபோது, பட்டியலின் முதல் பெயருக்கு நேரே, சோதனை போடச் சொல்லி, பொன்மணி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.